இடது கைக்கு ஜெபித்தவர்கள்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மாடி அறையில் இருந்தவர்கள் இவர்கள்:

கண்ணாடிக்காரர். ஜன்னலுக்குக் கண்ணாடி போடுவார், முகம் பார்க்கும் கண்ணாடிக்குச் சட்டம் அடிப்பார். பாட்டை எடுத்துக் கொடுப்பதும் அவர்தான், சுருதி தப்புவதும் அவர்தான்.

கண்டக்டர் அக்கா. பஸ்ஸில் பின்படியில் நின்று பேசினால் டிரைவருக்குக் காது வலிக்கும். ஆராதனையிலும் அதே குரல்.

ஆமென் அண்ணன். ஒரு வங்கியில் இரவுக் காவலாளி. வேலை முடிந்ததும் சீருடையைக் கூட மாற்றாமல் நேராக வருவார், நாற்காலியில் உட்கார்ந்த மாத்திரத்தில் தூங்கிப்போவார். யாராவது ஆமென் என்றால் மட்டும் கண் திறக்காமலே திருப்பிச் சொல்வார். வீட்டுக்குப் போய்த் தூங்க வேண்டியதுதானே என்று ஒருமுறை கேட்டதற்கு, "வீட்ல தூங்கினா தனியாத் தூங்கணும். இங்க தூங்கினா சபையோட தூங்குறேன்" என்றார். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

சலவை ஆலை மெக்கானிக்.

மெக்கானிக்கின் மனைவி. தையல் கடையில் பித்தான் வைப்பவள்.

அவ்வளவுதான் சபை. முன்பு இதைவிடப் பெரிதாக இருந்தது. வேறோர் ஊரின் பெரிய சபை பாஸ்டரைக் கூப்பிட்டது, போனார். அவரோடு ஆர்மோனியமும் போயிற்று, அது அவர் மாமனார் வீட்டுச் சொத்து. பிறகு ஒவ்வொரு குடும்பமாக ஏசி போட்ட சபைகளைத் தேடிப் போயின. போனவர்களைக் குறை சொல்வதில்லை என்று மிச்சமிருந்தவர்கள் ஒருமனதாக முடிவெடுத்தார்கள். கண்டக்டர் அக்கா மட்டும் அந்த ஒருமனதில் சேரவில்லை.

அறைக்குக் கீழே மோட்டார் சைக்கிள் பட்டறை. பட்டறைக்காரருக்கு ஞாயிறும் திங்களும் ஒன்று. இவர்கள் பாட ஆரம்பித்தால் அவர் என்ஜினை முறுக்கிப் பார்ப்பார். அவர் முறுக்கினால் இவர்கள் அடுத்த சரணத்தை எடுப்பார்கள். யாரும் யாரிடமும் புகார் சொன்னதில்லை.

பிரசங்கம் செய்ய ஆள் இல்லை என்பதுதான் பெரிய குறை. பாஸ்டர் போன புதிதில் கண்ணாடிக்காரர் துணிந்து எழுந்தார். ஒரு வசனத்தை வாசித்து, விளக்கம் சொல்லப் போய், பாதி வழியில் தடம் மாறி, பழைய கண்ணாடியில் ரசம் உதிர்வதைப் பற்றிப் பேசி முடித்தார். அடுத்த வாரம் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். கண்டக்டர் அக்காவுக்குச் சும்மா உட்கார வராது. நமக்குப் பிரசங்கம் வராது, நாளைக்கு என்ன வேலை என்று சொல்லவாவது வருமா என்று கேட்டாள். ஆளுக்கொருவராகச் சொல்லட்டும், வலது பக்கம் இருப்பவர் அதற்கு ஜெபம் பண்ணட்டும்.

அதுவே வழக்கமாகிவிட்டது. வட்டமாக உட்கார்வார்கள். கண்ணாடிக்காரருக்கு வலது பக்கம் அக்கா, அக்காவுக்கு வலது பக்கம் ஆமென் அண்ணன், அவருக்கு வலது பக்கம் மெக்கானிக், அப்புறம் அவன் மனைவி, அவளுக்கு வலது பக்கம் மறுபடி கண்ணாடிக்காரர். நாளைய வேலையை மட்டும்தான் சொல்ல வேண்டும். ஒருமுறை மெக்கானிக் வாய்க்கு வந்ததைச் சொல்லித் தப்பிக்கலாம் என்று உலக சமாதானம் என்றான். "நாளைக்கு நீ அதைச் செய்யப் போறியா?" என்று அக்கா கேட்டாள். அதோடு சரி.

அந்த ஞாயிற்றுக்கிழமை, நாளைக்கு என்ன வேலை என்பது மெக்கானிக்குக்கு மிக நன்றாகத் தெரியும். சொல்லத்தான் வாயில்லை.

அவன் வேலை செய்யும் ஆலையில் ஆஸ்பத்திரிகளுக்கும் ஹோட்டல்களுக்கும் படுக்கை விரிப்புகள் வெளுத்துக் கொடுக்கிறார்கள். வெளுத்த துணியைப் பிழிய ஒரு பெரிய டிரம் உண்டு. மூடியைத் திறந்தால் டிரம் தானாக நின்றுவிடும். அதற்கென்று ஒரு சுவிட்ச். நின்று நின்று ஓடினால் வேலை தேங்குகிறது என்று மேனேஜர் அந்தச் சுவிட்சைக் கம்பியால் அழுத்திக் கட்டச் சொன்னார். மூடி திறந்தாலும் டிரம் சுற்றிக்கொண்டே இருந்தது. மெக்கானிக் கம்பியை அவிழ்த்து எறிந்தான். மேனேஜர் அவனை அங்கேயே நிற்க வைத்து, சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, அவன் கண் முன்னாலேயே திரும்பக் கட்ட வைத்தார். ரிப்பேர் பார்ப்பதுதான் உன் வேலை, ஓடுகிற மெஷினை நிறுத்துவது அல்ல என்றார்.

பிறகு நடக்க வேண்டியது நடந்தது. அந்த டிரம்மில் வேலை பார்த்த பெண்ணை ஆலையில் எல்லோரும் வாயாடி என்பார்கள். சுற்றிக்கொண்டிருந்த டிரம், ஈரத் துணியை உள்ளே தள்ளப் போனவளின் கையை இழுத்துக்கொண்டது. முழங்கைக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. இப்போது ஆலை சொல்லும் கதை, சீக்கிரம் வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போகும் அவசரத்தில் அவளேதான் கம்பியைக் கட்டினாள் என்பது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

நாளை தொழிலாளர் பாதுகாப்பு அதிகாரி விசாரணைக்கு வருகிறார். மெக்கானிக் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வரி: அவள் கட்டியதைப் பார்த்தேன். சொன்னால் வேலை நிலைக்கும், ஆலைக் குடியிருப்பில் கொடுத்திருக்கும் வீடும் நிலைக்கும். சொல்லாவிட்டால் இரண்டும் கிடையாது. மேனேஜர் இதை மிரட்டலாகச் சொல்லவில்லை. தோளில் கை போட்டுக்கொண்டு, தம்பி தம்பி என்று குழைந்து சொன்னார்.

மனைவியிடம் சொன்னபோது அவள் நெடுநேரம் யோசிக்கவில்லை. நீங்கள் உண்மையைச் சொன்னால் அவள் கை முளைத்து வந்துவிடுமா என்று கேட்டாள். கல்யாணமான நாளிலிருந்து வீடு மாறி மாறி, பாத்திர மூட்டையை அவிழ்ப்பதும் கட்டுவதுமாகவே அவள் காலம் போனது. வீட்டுக்குள்ளேயே குழாய் உள்ள வீடு அவளுக்கு இதுதான் முதல். அவள் சொல்லாவிட்டாலும் அவன் அதைத்தான் செய்வதாக இருந்தான். அவள் தலையில் பாரத்தை வைத்துவிட்டதில் அவனுக்குக் கொஞ்சம் சௌகரியம்கூட.

ஆராதனை வழக்கம்போல் நடந்தது. பாட்டு, என்ஜின், பாட்டு. கண்ணாடிக்காரர் ஆரம்ப ஜெபத்தில் வழக்கம்போல், இடது கையை இழந்த அந்தச் சகோதரிக்கு இரங்கும் என்று கேட்டார். மெக்கானிக் பல்லைக் கடித்துக்கொண்டான். விபத்து நடந்த வாரம் அவன்தான் இங்கே வந்து சொன்னான். வாயால் சொல்ல முடியாமல், தன் சட்டைக் கையை மடித்து, முழங்கைக்குக் கீழே விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினான். அவன் காட்டியது வலது கை. எதிரே உட்கார்ந்திருந்த கண்ணாடிக்காரர், வாழ்நாளெல்லாம் கண்ணாடிக்கு முன்னால் நின்ற பழக்கத்தில், அதை இடது கையாக எடுத்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு உருகி ஜெபம் செய்கிறவரை நிறுத்தி, ஐயா, கை மாறிப்போச்சு என்று எப்படிச் சொல்வது? அன்றிலிருந்து வாராவாரம் சபை முழுக்க இடது கைக்காகவே மன்றாடி வந்தது.

பிறகு வட்டம். கண்ணாடிக்காரர் ஆரம்பித்தார். நாளைக்கு ஒரு மருத்துவமனையின் மூன்றாம் மாடியில் பெரிய கண்ணாடி ஒன்றை ஏற்ற வேண்டும் என்றார். வழக்கம்போலக் கொஞ்சம் நிறுத்தி, "நாளைக்கு என் பையன் போன் பண்ணுவான்" என்றார்.

மகன் வெளியூர் போய் அப்பாவோடு பேச்சை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. வாராவாரம் இவர் இதையேதான் சொல்வார். பண்ணினாலும் பண்ணுவான் என்றுகூடச் சொல்ல மாட்டார். பண்ணுவான் என்பார்.

அக்கா ஜெபித்தாள். "ஆண்டவரே, கண்ணாடி உடையக் கூடாது. தூக்கிறவங்க காலும் வழுக்கக் கூடாது. அந்தப் பையன் போன் பண்ணணும். பண்ணலேன்னா அடுத்த வாரமும் இதே இடத்துல உட்கார்ந்து இதையேதான் கேப்போம். நாங்க விடுறதா இல்ல. ஆமென்."

"ஆமென்" என்றது தூக்கம்.

அக்காவின் நாளையில் புதிதாக ஒன்றுமில்லை. பஸ்ஸில் யாரையும் திட்டக் கூடாது. போன வாரமும் இதைத்தான் கேட்டாள். போன வாரம் யாரையாவது திட்டினீர்களா என்று மெக்கானிக்கின் மனைவி கேட்டதற்கு, திங்கள் கழிந்து செவ்வாய் வரை தாக்குப்பிடித்ததாகவும், அதற்கு முந்திய வாரம் திங்களே தாண்டவில்லை என்றும் சொன்னாள். ஆமென் அண்ணனை முழங்கையால் இடித்து எழுப்பினார்கள். அவர் பாதிக் கண்ணைத் திறந்து, "ஆண்டவரே, அக்கா வாய்க்கு ஒரு வாட்ச்மேனைப் போடும்" என்று சொல்லிவிட்டு, தன் நாளையையும் கையோடு முடித்தார்: வழக்கமான டியூட்டி, முழங்கால் வலி. மெக்கானிக் அவருடைய முழங்காலுக்கு ஏதோ முணுமுணுத்தான். அவன் மனம் அங்கே இல்லை.

இப்போது அவன் முறை.

"சாதாரண வேலைதான்" என்றான். "பெல்ட் மாத்தணும், எண்ணெய் போடணும்."

அவனுக்கு வலது பக்கம் மனைவி. அவள் ஜெபிக்க வேண்டும். கண்ணை மூடினாள். ஒன்றும் வரவில்லை. கீழே ஓர் என்ஜின் உறுமி, இருமி, அடங்கியது. மெக்கானிக் ஓரக்கண்ணால் பார்த்தான்.

"ஆண்டவரே" என்றாள் கடைசியில். "இவருக்கு நாளைக்குச் சாதாரண வேலை இல்ல. ஆலையில விசாரணை. அந்தப் பொண்ணே கம்பியைக் கட்டினான்னு இவர் பொய் சொல்லப் போறார். சொல்லச் சொன்னது நான்தான். வீடு போயிடும்னு பயந்து சொன்னேன். இப்பவும் பயமாத்தான் இருக்கு. ஆமென்."

"ஆமென்" என்றார் ஆமென் அண்ணன், தொண்டை நிறைய.

மெக்கானிக் எழுந்து நின்றுவிட்டான். பெண்டாட்டி சபை நடுவே துணியை உருவியதுபோல் இருந்தது. அவளைத் திட்ட முடியாமல் மற்றவர்கள் மேல் பாய்ந்தான். உங்களுக்கு என்ன, வேலை போவது எனக்கு, தெருவில் நிற்பது நான் என்றான். ஆழம் தெரிந்தவன் எவனும் காலை விட மாட்டான் என்றான். யாரும் மறுத்துப் பேசாததில் கோபம் இன்னும் ஏறியது.

"இத்தனை வாரமா இடது கை இடது கைன்னு ஜெபம் பண்றீங்களே, அவளுக்குப் போனது வலது கை. எந்தக் கைன்னே தெரியாம கேக்கறவங்க ஜெபத்தை நம்பி நான் வீட்டை விடணுமா?"

கண்ணாடிக்காரர் தன் கைகள் இரண்டையும் மடியில் வைத்துப் பார்த்தார். ஒன்றைத் தூக்கினார், இறக்கினார், மற்றதைத் தூக்கினார். "எதிர்ல உட்கார்ந்திருந்தேன்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். முகம் சுண்டிப்போயிற்று.

கண்டக்டர் அக்கா மட்டும் அசையவில்லை. "இடது கை எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"எது?"

"அவளோட இடது கை. நாங்க ஜெபம் பண்ணின கை."

"அதுக்கென்ன, நல்லாத்தான் இருக்கு."

"பின்ன என்ன குறை? இனிமே சாப்பிட, எழுத, தலை சீவ, உங்க மேனேஜரை ஒரு அறை விட, எல்லாத்துக்கும் அந்த ஒரு கைதானே. இனி உழைக்கப் போறது அதுதான். அதுக்கு ஜெபம் பண்ணாம வேற எதுக்குப் பண்றது, தம்பி?"

மெக்கானிக்குக்குப் பதில் ஆயத்தமாக இருந்தது. ஆனால் வாயைத் திறந்தபோது வந்தது சிரிப்பு. வேண்டா வெறுப்பாக, தும்மல் வருவதுபோல வந்தது. கூடவே மனைவி சிரித்தாள், பிறகு கண்ணாடிக்காரர். என்ன விஷயம் என்று தெரியாமல் ஆமென் அண்ணனும் சிரித்தார்.

நியாயமாகப் பார்த்தால் அந்த இடத்தில் யாராவது அவனுக்குப் புத்தி சொல்லியிருக்க வேண்டும். பாஸ்டர் இருந்திருந்தால் சொல்லியிருப்பார். இவர்கள் யாரும் உண்மையைச் சொல் என்று சொல்லவில்லை, சொல்லாதே என்றும் சொல்லவில்லை. வீடு போனால் எங்கே போவீர்கள் என்று அக்கா கேட்டாள். அவள் வீட்டில் ஒரே அறை, அதிலும் மாமியார். கண்ணாடிக்காரர் கடைக்கு மேலே பரண் இருக்கிறது, ஆனால் அங்கே புரண்டு படுத்தால் கண்ணாடி குத்தும். அப்படியானால் இந்த அறைதான் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கட்டிலை மடித்து ஓரமாக வைத்துவிட வேண்டும்.

ஆமென் அண்ணன் முழுக் கண்ணையும் திறந்தார். அந்த அறையில் அது அபூர்வமான காட்சி. "கட்டிலை ஏன் மடிக்கணும்? நான் அதுல படுத்துக்கிறேன்."

"நான் இன்னும் ஒண்ணும் முடிவு பண்ணல" என்றான் மெக்கானிக்.

"உன்னை யார் முடிவு பண்ணச் சொன்னா?" என்றாள் அக்கா. "கட்டில் வாசல்ல நுழையுமான்னு பாக்கறோம்."

கண்ணாடிக்காரர் அதற்குள் இடுப்பிலிருந்து டேப்பை எடுத்து வாசலை அளந்துகொண்டிருந்தார். பிறகு வந்து உட்கார்ந்து, வட்டத்தில் பாக்கியிருந்த ஒன்றை முடித்தார். மெக்கானிக்கின் மனைவி, நாளைக்குப் பித்தான் வைக்கும்போது கை நடுங்கக் கூடாது என்றாள். அவர் இரண்டு கைகளுக்கும் சேர்த்து ஜெபம் பண்ணினார். இந்த முறை வலது, இடது என்று பிரித்துச் சொல்லவில்லை.

இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். ரயில்வே கேட் மூடியிருந்த இடத்தில் நிற்க வேண்டி வந்தது. ஏன் இப்படிச் செய்தாய் என்று அவன் கேட்டான். அவள் ரயில் வரும் பக்கத்தையே பார்த்துக்கொண்டு பதில் சொன்னாள்.

"வீட்ல உட்கார்ந்து பொய் சொல்லுங்கன்னு சொல்றது எனக்குச் சுலபமா இருந்துச்சு. அங்க உட்கார்ந்து, அதுக்குத் துணை வாரும்னு கேக்க வாய் வரல. அவ்வளவுதாங்க."

"இப்ப நான் என்ன சொல்லட்டும்?"

"அதை நான் சொல்ல மாட்டேன். ஒரு தடவை சொன்னதே போதும். குழாய்தானே, குழாய் இல்லாமலும் குளிச்சிருக்கேன்."

அன்று மாலை மெக்கானிக் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, பழுதில்லாத சங்கிலியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான். மனம் மாடி அறையையே சுற்றியது. எரிச்சலாகவும் இருந்தது. அந்த அறையில் யாருக்கு எது கிடைத்தது? கண்ணாடிக்காரருக்கு போன் வந்ததில்லை. அக்காவின் வாய் அடங்கியதில்லை. ஆமென் அண்ணனின் முழங்கால் நாளுக்கு நாள் மோசம். கேட்டது கிடைக்காதவன் கேட்பதை நிறுத்த வேண்டும், அதுதான் உலக வழக்கம். இவர்கள் நிறுத்துவதில்லை. கொடுக்காதவர் பெரியவரா, விடாதவர்கள் பெரியவர்களா பார்த்துவிடலாம் என்பதுபோல் ஞாயிறு தவறாமல் வந்து உட்காருகிறார்கள். தப்பான கைக்கு ஜெபம் பண்ணியதாகத் தெரிந்தும் ஒரு நிமிடத்துக்கு மேல் நாணவில்லை. அதையும் வரவில் வைத்துக்கொண்டார்கள். தோற்கத் தெரியாத கூட்டம். இவர்களோடு உட்கார்ந்து எழுந்த ஒருவன், தோளில் கை போட்ட ஒரு மேனேஜரிடம் தோற்பதாவது.

அவன் சங்கிலியை மாட்டினான். பயம் போகவில்லை. கிடக்கட்டும் என்று விட்டான்.

விசாரணை ஆலை கேன்டீனில் நடந்தது. மேஜைகளை ஒன்று சேர்த்துப் போட்டு, மேலே ஆலை வெளுத்த விரிப்பையே விரித்திருந்தார்கள். அதிகாரி ஒரு பெண்மணி. ஜலதோஷம், கைக்குட்டையும் கையுமாக இருந்தார். மேனேஜர் அவருக்கு வெந்நீர் வரவழைத்துக் கொடுத்தார். வாயாடி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். வலது சட்டைக் கையை மடித்து ஊக்கு குத்தியிருந்தாள்.

முதலில் சூப்பர்வைசர், அவள் கட்டியதைப் பார்த்தேன் என்றார். அடுத்து இஸ்திரிப் பகுதி ஆட்கள் இருவர், தரையைப் பார்த்துக்கொண்டு அதையே சொன்னார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை வரிசையாக நடந்தது. வாயாடி ஒவ்வொருவர் முகத்தையும் நிமிர்ந்து பார்த்தாள். ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை. மெக்கானிக்கைக் கூப்பிட்டபோது மேனேஜர் சின்னதாகத் தலையசைத்தார், பழகிய நாயை வா என்பதுபோல.

"கம்பியை அவ கட்டல" என்றான் மெக்கானிக். "மேனேஜர் கட்டச் சொன்னார், சூப்பர்வைசர் கட்டினார். நான் அவிழ்த்தேன். என்னை நிக்க வச்சுத் திரும்பக் கட்டினாங்க."

கேன்டீனில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தவர் குழாயை மூடினார். மேனேஜர் சிரித்தபடி, இந்தத் தம்பிக்கு நிர்வாகத்தின் மேல் பழைய கோபம், வெளியே யாரோ தூண்டிவிட்டிருக்கிறார்கள் என்றார். அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டு மெக்கானிக்கைப் பார்த்தார்.

"உங்களை யாராவது இப்படிச் சொல்லச் சொன்னாங்களா?"

அவன் உண்மையாகவே யோசித்தான். "இல்லைங்க. யாரும் சொல்லச் சொல்லல. எங்க கட்டில் அவங்க வாசல்ல நுழையுமான்னு மட்டும் அளந்து பாத்தாங்க."

அதிகாரிக்குப் புரியவில்லை. அவன் விளக்கவும் இல்லை. முதலில் சொன்னதை மறுபடி ஒருமுறை, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னான். மேனேஜர் சிரிப்பதை நிறுத்தினார்.

வெளியே கொடியில் விரிப்புகள் காயும் முற்றத்தில் வாயாடி அவனை மறித்தாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்துக் கூசினான். தேவையில்லாத கூச்சம்.

"இத்தனை நாள் எங்க போச்சு உங்க வாய்?" என்று கேட்டாள்.

"பயந்துட்டேன்."

"இன்னைக்கு?"

"இன்னைக்கும் பயம்தான்."

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். வேறென்ன பேசுவது என்று தெரியாமல் அவன் இடது கை ஜெபத்தைப் பற்றிச் சொன்னான். அவள் எந்தக் கோயில் வாசலையும் மிதிக்காதவள், சாமி என்று யார் ஆரம்பித்தாலும் கிண்டல் செய்கிறவள். கேட்டுவிட்டுச் சிரித்தாள். உங்கள் ஆட்கள் லட்சணம் இதுதானா என்றாள். சிரிப்பு அடங்கியதும் தன் இடது கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"இப்பவும் பண்றாங்களா?"

"பண்றாங்க. நிறுத்த மாட்டாங்க."

"பண்ணட்டும். பித்தான் போட இன்னும் வரல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாளே வேலை போயிற்று. வீட்டைச் சனிக்கிழமைக்குள் காலி செய்ய வேண்டும் என்றார்கள். விசாரணையின் முடிவு வரவில்லை. எப்போது வரும், எப்படி வரும் என்று யாருக்கும் தெரியாது. மேனேஜர் அதே நாற்காலியில் இருந்தார். டிரம் சுவிட்சில் இருந்த கம்பியை மட்டும் யாரோ கழற்றியிருந்தார்கள்.

சனிக்கிழமை காலை கண்ணாடிக்காரரின் வண்டி குடியிருப்புக்குள் நுழைந்தது. கண்ணாடிகளைச் சாய்த்து நிறுத்த இரண்டு பக்கமும் மரச்சட்டம் அடித்த வண்டி. அதில் கட்டிலைக் கண்ணாடி மாதிரியே நிமிர்த்தி நிறுத்தி, நடுவில் துணி மடித்து வைத்துக் கட்டினார். உடையாது ஐயா, அது இரும்பு என்று மெக்கானிக் சொல்லிப் பார்த்தான். கை பழகிப்போச்சு என்றார். போன் வந்ததா என்று மெக்கானிக்கின் மனைவி கேட்டாள். "நாளைக்கு வரும்" என்றார்.

ஆமென் அண்ணன் சீருடையோடு வந்து, பாத்திர மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, வலிக்கிற முழங்காலோடு படியிறங்கினார். இவ்வளவு நேரம் விழித்திருந்து அவரை யாரும் பார்த்ததில்லை. அக்கா மத்தியான டியூட்டிக்குப் போகிற வழியில் தோல்பையோடு வந்திருந்தாள். எதிர் வீடுகளில் ஜன்னல்கள் கொஞ்சமாகத் திறந்தன. பேசிப் பழகிய ஆட்கள்தான்; வெளியே வந்து ஒரு வார்த்தை கேட்க ஒருவருக்கும் துணிவில்லை. அக்கா அந்த ஜன்னல்களை ஒரு சுற்றுப் பார்த்தாள். கண்ணாடிக்காரர் அண்ணே, ஒரு பாட்டை எடுங்க என்றாள். அவர் எடுத்தார். சுருதி முதல் அடியிலேயே கவிழ்ந்தது. அக்கா அதைத் தன் பின்படிக் குரலால் தூக்கி நிறுத்தினாள். ஆமென் அண்ணன் அலமாரியின் ஒரு முனையைப் பிடித்தபடி பாடினார், மெக்கானிக் மறுமுனையைப் பிடித்தபடி பாடினான். என்ஜின் சத்தம் இல்லாமல் பாடிப் பழக்கம் இல்லாததால் குரல் தேவைக்கு மேலேயே வந்தது. குடியிருப்பு முழுக்கக் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் பாடினார்கள்.

குடியிருப்புப் பொறுப்பாளர் புதுப் பூட்டோடு வாசலில் காத்திருந்தார். சாமான்கள் எல்லாம் ஏறியதும் உள்ளே எட்டிப் பார்த்தார். மெக்கானிக்கின் மனைவி காலி வீட்டில் துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தாள்.

காலி பண்ணுகிற வீட்டை எதற்குப் பெருக்க வேண்டும், நேரமாகிறது, நான் பூட்டிச் சாவியை ஆபீசில் கொடுக்க வேண்டும் என்றார் அவர்.

"பெருக்காமப் போனா துரத்தினதும் ஓடிட்டாங்கன்னு சொல்வீங்க" என்றாள். "காலைத் தூக்குங்க."

அவர் ஒரு காலைத் தூக்கினார். பிறகு மற்றொன்றை. அவள் அவருடைய செருப்பு நின்ற இடத்தையும் விடாமல், மூலை மூலையாக, கதவிடுக்கு வரை பெருக்கினாள். குப்பையை ஒரு காகிதத்தில் அள்ளி மடித்துக்கொண்டாள். துடைப்பத்தைத் தோளில் சாய்த்து, தலையை நிமிர்த்தி, வெளியே வந்தாள். அவளுக்குப் பின்னால் பொறுப்பாளர் கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினார்.